இறுகிப்போன இடது சக்கரம்

மூட்டையக்காவுக்கு விடிந்ததிலிருந்தே வலது தோள்பட்டை உயிரை வாங்கியது. கையைத் தலைக்கு மேல் தூக்கினால், உள்ளே யாரோ ஈரத்துணியைப் பிழிவதுபோல் ஒரு முறுக்கு. தலை வாரியது இடது கையால். கொண்டை காதோரம் சரிந்து கிடந்தது.

ஒரு காலத்தில் பேக்கரியில் மாவு மூட்டை சுமந்தவள் அவள். பெயர் அங்கே ஒட்டியது. துப்பறியும் வேலைக்கு வந்த பிறகும் ஊர் அதை உரித்து எடுக்கவில்லை. ஆனால் தோளைக் கெடுத்தது மூட்டை அல்ல. அத்தனை மூட்டையையும் தாங்கிய தோள், ஒரு மழை நாளில் பேக்கரி வண்டியின் ஒற்றைச் சக்கர நட்டிடம் தோற்றுப்போனது. அது பழைய கதை. அன்று காலை வரை அவள் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

"அண்ணி, தைலம் வாங்கட்டுமா, தச்சனைக் கூப்பிடட்டுமா? கதவுக் கீல் மாதிரி சத்தம் வருது" என்றான் கொழுந்தன், ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே.

"உன் வாய்க்கு ஒரு தாழ்ப்பாள் போட ஆள் கிடைச்சா கூப்பிடு."

புருஷன் கப்பலில் வேலைக்குப் போனதிலிருந்து, அவன் தம்பிதான் இவளுக்கு உதவியாள். யாரும் வேலைக்கு வைக்கவில்லை. தானாக வந்து ஒட்டிக்கொண்டவன். சம்பளம் இரண்டு வேளைச் சோறும் மூன்று வேளை வசவும். பழைய ஸ்பானர், டார்ச், கயிறு எல்லாவற்றையும் ஒரு கோணியில் சுருட்டி ஸ்கூட்டரில் போட்டுக்கொண்டு திரிவான்.

வழக்கு முந்தின நாள் சாயங்காலம் வீடு தேடி வந்தது. கூட்டிக்கொண்டு வந்தவன் அவளுடைய சொந்த அண்ணன். அவன் பின்னால், அழுது வீங்கிய முகத்தோடு மெக்கானிக்கின் மனைவி.

"பாப்பா, இவ புருஷன் என் சிநேகிதன். அநியாயமா உள்ள போட்டுட்டாங்க. நீதான் வெளிய கொண்டு வரணும்" என்றான் அண்ணன்.

விஷயம் இதுதான். பேக்கரி முதலாளியிடம் ஒரு கிழட்டு கார். ரொட்டித் தட்டுகள் ஏற்றிக் கடை கடையாய்ப் போடுகிற வண்டி. பல வருஷம் அதை ஓட்டியவன் இதே அண்ணன்தான். சமீபத்தில்தான் முட்டி வலி தாங்கவில்லை என்று வேலையை விட்டான். அந்தச் சமயத்தில் முதலாளி வண்டியின் முன் சக்கரங்களுக்குப் பழைய டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக் போட்டார். போட்டுக் கொடுத்தவர் மெக்கானிக். சில நாள்தான் ஓடியது. மேட்டுத் தெரு இறக்கத்தில் வலது முன் சக்கரம் தனியாகக் கழன்று ஓட, வண்டி சுவரில் மோதியது. ஓட்டிக்கொண்டிருந்த முதலாளியின் மனைவிக்கு ஒரு கால் நசுங்கிப்போனது. மெக்கானிக் நட்டை இறுக்காமல் விட்டுவிட்டார் என்று போலீஸ் அவரைத் தூக்கிப்போனது. அடுத்தது கோர்ட்டு. பட்டறைக்குப் பூட்டு.

"பிரேக்கு டூப்ளிகேட்டா இருக்கும் பாப்பா. பழி வித்தவன் மேல போயிடும். நம்ம ஆளு தப்பிச்சிடுவான்" என்று சொல்லிவிட்டுத்தான் அண்ணன் போனான்.

நம் அண்ணனுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று அன்று இரவு அவள் நினைத்துக்கொண்டே தூங்கினாள்.

ஸ்டேஷனின் பின்கட்டில் வண்டி நின்றது. வெயிலில் வெந்த ரப்பர் வாசனையோடு இன்னும் கொஞ்சம் ரொட்டி வாசனையும் மிச்சமிருந்தது. வலது முன்பக்கம் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்திருக்க, உள்ளே புது டிஸ்க், பழைய பாத்திரக் கடையில் வெள்ளித் தட்டு வைத்தாற்போல் மினுங்கியது.

"வாங்க மூட்டையக்கா" என்றார் ஏட்டு. "வலது சக்கரம் கழண்டுச்சு. ஏன் கழண்டுச்சு? இறுக்கல. கேஸு முடிஞ்சுது. டீ குடிச்சிட்டுப் போங்க."

"டீ நீங்க வாங்கித் தருவீங்களா?" என்றான் கொழுந்தன்.

"நீ வாங்கிட்டு வந்தா நானும் குடிப்பேன்."

அவள் இடது பக்கம் போய்க் குந்தினாள். அந்தச் சக்கரம் இருந்த இடத்திலேயே இருந்தது. நட்டுகளின் மேல் மஞ்சள் பெயிண்ட். ஒவ்வொரு நட்டின் தலையிலிருந்தும் சக்கரத்தின் மேல் வரை ஒரே இழுப்பாக ஒரு கோடு. ஆனால் இப்போது எந்தக் கோடும் ஒட்டி நிற்கவில்லை. நட்டின் மேல் இருந்த பாதி, வலது பக்கமாகச் சுழன்று விலகியிருந்தது. ஓரிடத்தில் நட்டே இல்லை. போல்ட் கழுத்தோடு முறிந்து கிடந்தது.

"இதைக் கழட்டுடா."

கொழுந்தன் கோணியிலிருந்து வீல் ஸ்பானரை எடுத்தான். நாலு வாய் உள்ள கனத்த ஸ்பானர். தூசி போக உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டினான். வாயிலிருந்து மஞ்சள் பொடி உதிர்ந்து அவன் சட்டையில் விழுந்தது.

"பாருங்க அண்ணி, ஸ்பானருக்குக் காமாலை. புதுச் சட்டை வேற."

"சட்டையை அப்புறம் கொஞ்சு. நட்டைப் பிடி."

பிடித்தான். இழுத்தான். ஸ்பானரின் மேல் ஏறி நின்று குதித்தான். ஒரு நட்டும் அசையவில்லை. ஏட்டு சுவரில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தார்.

"அண்ணி, இது நட்டு இல்ல. என்னை வேணாம்னு சொன்ன பொண்ணோட அப்பா மனசு."

அவள் சிரிக்கவில்லை. "ஏட்டையா, ஒரே ஆளு, ஒரே நாளு, ஒரே வண்டி. வலது பக்கம் இறுக்கவே இல்லைங்கிறீங்க. இடது பக்கம் போல்ட்டு முறியற அளவுக்கு இறுக்கியிருக்கான். எப்படி?"

"மனுஷன்தானே. அசதியா இருந்திருப்பான்."

"சம்பளம் போடுற முதலாளி மாதிரி இருக்கு" என்றான் கொழுந்தன், மூச்சு வாங்கிக்கொண்டே. "ஒருத்தனுக்குப் போனஸு, பக்கத்துல நிக்கிறவனுக்குப் பட்டை நாமம்."

"இந்த மஞ்சள் கோடு எல்லாத்தையும் இறுக்கி முடிச்சப்புறம் போட்டது. கோடு பிரிஞ்சிருக்குன்னா, அதுக்கப்புறம் இன்னொரு கை இங்க வந்திருக்கு" என்றாள் அவள்.

"வண்டி ஓடுற அதிர்ச்சில நகந்திருக்கும்."

"அதிர்ச்சில நட்டு லூஸாகும் ஏட்டையா. இறுகுமா?"

ஏட்டு சுவரை விட்டு நிமிர்ந்தார். அதற்குப் பிறகு டீயைப் பற்றிப் பேசவில்லை.

லாக்கப் அறையில் மெக்கானிக் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். விரல் இடுக்கில் இன்னும் கிரீஸ் கறுப்பு. பட்டறையில் இருந்து அப்படியே அள்ளிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

"கோடு போடாம நான் வண்டியை வெளிய விட்டதே இல்லக்கா. கோடு நேரா இருந்தா என் வேலை நேரா இருக்குன்னு அர்த்தம்."

"உன் வேலை நேராத்தான் இருந்திருக்கு. அதுக்கப்புறம் எவனோ கை வச்சிருக்கான். ஒரு பக்கம் கழட்டியிருக்கான், ஒரு பக்கம் இறுக்கியிருக்கான். அவனுக்கு உன் மேல கோபமா பாசமான்னுதான் புரியல."

"இடது கைக்குப் பாசம், வலது கைக்குக் கோபம்" என்றான் கொழுந்தன். "புருஷன் பொண்டாட்டி சேந்து வந்திருப்பாங்க."

அவள் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பிரேக்கு மட்டும்தானே மாத்தினே?" என்று மெக்கானிக்கிடம் கேட்டாள்.

"முதல்ல அப்படித்தான் பேச்சு. ஆனா பழைய ஹப்புல டிஸ்க் உக்காரல. அதான் ரெண்டு பக்கமும் ஹப்பையே மாத்திட்டேன். சக்கரத்தைத் தாங்குற வட்டம், அதுல நீட்டிக்கிட்டு நிக்கிற போல்ட்டு, நட்டு, எல்லாமே புதுசு. அதுவும் நல்லதுக்குத்தான். பழைய ஹப்புல ஒரு தலைவலி இருந்துச்சு. வலது பக்கம் நேர் மரை, எல்லா வண்டியும் போல. இடது பக்கம் மட்டும் உல்டா மரை. ஊரெல்லாம் இறுக்குற பக்கம் திருகினா அது கழலும். தெரியாதவன் கை வச்சா தோள் போயிடும்."

மூட்டையக்காவின் தோள் சுரீர் என்றது.

மழை. சேற்றில் இறங்கிய பேக்கரி வண்டி. பஞ்சரான இடது முன் சக்கரம். அவள் ஸ்பானரின் மேல் ஏறி நின்று, உடம்பு முழுவதையும் கொடுத்து இழுத்தாள். தோளுக்குள் ஏதோ அறுந்தது. அண்ணன் வண்டியை விட்டு இறங்கி வந்து சிரித்தான். 'எதிர்ப்பக்கம் திருகணும் பாப்பா. இந்த வண்டிக்கு இடது பக்கம் எல்லாமே தலைகீழ். முதலாளிக்கே தெரியாது. நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும்.'

"புது ஹப்புல?" என்றாள் அவள்.

"ரெண்டு பக்கமும் நேர் மரை."

"அது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு, முதலாளிக்கு. அவருக்கும் ஹப்பு மாத்தினதுதான் தெரியும்; மரையைப் பத்தியெல்லாம் யாரு பேசுறது? வெளிய எல்லாருக்கும் பிரேக்கு மாத்தியாச்சுன்னுதான் பேச்சு."

அவள் வராந்தாவுக்கு வந்து தூணைப் பிடித்துக்கொண்டாள். கொழுந்தன் பின்னாலேயே வந்தான்.

"அண்ணி, முகம் ஏன் மாவு மாதிரி வெளுத்திருக்கு?"

"வந்தவன் இறுக்க வரலடா. ரெண்டு பக்கமும் கழட்டத்தான் வந்தான். இடது பக்கம் பழைய பழக்கத்துல உல்டாவாத் திருகியிருக்கான். மரை மாறினது அவனுக்குத் தெரியல. கழட்டுறேன்னு நினைச்சு இறுக்கிட்டான். ஒரு போல்ட்டு முறிஞ்சதும் இடது பக்கம் வராதுன்னு விட்டுட்டு வலது பக்கம் போயிட்டான். அங்க சுலபமா வந்துடுச்சு."

"அப்போ உல்டா மரையைப் பத்தித் தெரிஞ்சவன், ஹப்பு மாறினது தெரியாதவன். அப்படி எத்தனை பேரு இருப்பாங்க?"

"ரெண்டு பேரு. ஒருத்தி நான்."

அவன் விளையாட்டாக இரண்டு கையையும் தூக்கினான். "சரண்டர் ஆயிடுங்க அண்ணி. நான் சாப்பாடு கொண்டாந்து தர்றேன்."

"சட்டையைக் காட்டு."

"இங்கயா? எல்லாரும் பாக்குறாங்க."

"அந்த மஞ்சளைக் காட்டுடா. நட்டுல வைக்கிறதுக்கு முன்னாடியே இது நம்ம ஸ்பானர் வாயில இருந்துச்சு. நம்ம வீட்டு ஸ்பானரைக் கடைசியா யாரு எடுத்தது?"

அடுத்த நக்கலுக்குத் திறந்த வாய் திறந்தபடியே நின்றது. அவன் சட்டையைப் பார்த்தான். அப்புறம் அவளைப் பார்த்தான். 

"நான்தான் அண்ணி எடுத்துக் குடுத்தேன்" என்றான் மெதுவாக. "சிநேகிதன் வண்டி பஞ்சர்னு உங்க அண்ணன் வந்து கேட்டாரு. மறுநாள் நல்லா துடைச்சுத்தான் திருப்பிக் குடுத்தாரு."

"வெளிய துடைச்சிருக்கான். வாய்க்குள்ள துடைக்கல."

அப்பா கல் குவாரியில் இறந்துபோன பிறகு, அடுப்பு எரியாத நாட்களில், தன் பங்கை அவள் தட்டில் தள்ளிவிட்டு 'எனக்குப் பசிக்கல பாப்பா' என்று சொன்னவன் அந்த அண்ணன். அந்தப் பொய்யை அவள் இத்தனை வருஷம் பொக்கிஷம்போல் வைத்திருந்தாள். இவ்வளவு நன்றாகப் பொய் சொல்வானென்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றியது. தோன்றியதும் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

ஆஸ்பத்திரி ஸ்டேஷனுக்கு அடுத்த தெருதான். அண்ணன் அங்கேதான் இருந்தான். பேக்கரி முதலாளியின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, அவர் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தான். மடியில் வெந்நீர் பிளாஸ்க். கால் நசுங்கிக் கிடந்த முதலாளியின் மனைவிக்கு வாங்கி வந்தது.

அவள் அவனைப் படிக்கட்டுக்குக் கூப்பிட்டாள். கொழுந்தன் இரண்டு படி தள்ளி நின்றான்.

"என்னாச்சு பாப்பா? பிரேக்கு டூப்ளிகேட்டுதானே?"

"தெரியலண்ணே. ஒரு சக்கரத்தைக் கழட்டவே முடியல."

"இடது பக்கம்தானே? விடு. அது துருப்பிடிச்சு இறுகிப்போச்சு."

எந்தப் பக்கம் என்று அவள் சொல்லவேயில்லை. கொழுந்தன் கூரையைப் பார்த்தான்.

"புது போல்ட்டுல எப்படிண்ணே துரு பிடிக்கும்?"

"புது போல்ட்டா?"

"ஹப்பையே மாத்திட்டான். ரெண்டு பக்கமும் நேர் மரை."

 அண்ணனின் வலது கை பிளாஸ்கை விட்டு எழுந்து, காற்றில் ஒரு ஸ்பானரைப் பிடித்ததுபோல் மெல்லத் திரும்பியது. பழைய பக்கமாக. பாதியில் நின்றது.

"மரையையுமா மாத்திட்டான்?" என்றான்.

கேட்டு முடித்த பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்பது அவனுக்கு உறைத்தது. படியில் உட்கார்ந்துவிட்டான்.

"நானா வேலையை விடல பாப்பா. அந்தப் பழைய பிரேக்கை ஏறி மிதிச்சாத்தான் வண்டி நிக்கும். அதை மிதிக்க என் காலால மட்டும்தான் முடியும். மிதிச்சு மிதிச்சுத்தான் என் முட்டி போச்சு. புதுசு போட்டு வண்டி வந்த அன்னிக்கு அந்தம்மா ஏறி ஒரு தடவை மிதிச்சுப் பாத்துச்சு. பஞ்சு மாதிரி இருக்கு, இனி நானே ஓட்டிக்கிறேன்னு சிரிச்சுச்சு. முதலாளி அப்பவே சொல்லிட்டாரு, நாளைலேருந்து வரவேணாம்னு. இத்தனை வருஷத்துக்கு அவ்வளவுதான்."

"அதுக்கு?"

"கொஞ்சம் தளர்த்திவிட்டா சக்கரம் ஆடும். பயந்துபோய் புது பிரேக்கு சரியில்லன்னு என்னைக் கூப்பிடுவாங்கன்னு பாத்தேன். இறக்கத்துல கொண்டுபோவாங்கன்னு நினைக்கல."

"சரி. என் வீட்டுப் படி ஏன் ஏறினே?"

"அவன் உள்ள கிடக்கிறது தாங்கல பாப்பா."

"பொய். நான் விசாரிச்சா உன் பேரு வெளிய வராதுன்னு ஏறினே. என் வீட்டு ஸ்பானரை எடுத்துக் கழட்டினே. அப்புறம் என்னையே எடுத்து மூடப் பாத்தே."

அவன் மறுக்கவில்லை. மழை நாளில் சிரித்த அதே குரலில், அதே நைச்சியத்தில் சொன்னான்: "நீ சொல்லாட்டி யாருக்குத் தெரியும்? நம்ம ரெண்டு பேருக்குத்தானே தெரியும்."

அவளுக்குத் தோள் வலி மறந்துபோயிற்று. வேறெங்கோ வலித்தது.

"நீயே போய் ஸ்டேஷன்ல சொல்லு. நீயா வந்து சொன்னதா இருக்கட்டும். நான் பின்னாடியே வர்றேன். கூடப் பிறந்ததுக்கு என்னால அவ்வளவுதான் முடியும்."

"சரி பாப்பா." எழுந்தான். பிளாஸ்கை அவளிடம் கொடுத்தான். அவள் தலையைத் தொட்டான். காதோரம் சரிந்த கொண்டையைச் சற்று நிமிர்த்திவிட்டான். இறங்கிப் போனான்.

படிக்கட்டு ஜன்னலில் ஆஸ்பத்திரி வாசல் தெரிந்தது. இடது பக்கம் ஸ்டேஷன். வலது பக்கம் பஸ் நிறுத்தம். அண்ணன் வாசலில் நின்றான். அண்ணாந்து ஜன்னலைப் பார்த்துக் கையை ஆட்டினான். அவளும் பாதி கையைத் தூக்கினாள்.

அவன் வலது பக்கம் திரும்பினான்.

"அண்ணி, ஸ்டேஷன் இந்தப் பக்கம்" என்றான் கொழுந்தன்.

"ம்."

"அவரு இன்னும் உல்டாவாத்தான் திருகுறாரு."

சொன்னவனே சிரிக்கவில்லை. மூன்று மூன்று படியாகத் தாவி இறங்கி ஓடினான். முட்டி போனவன் என்று யாரும் சொல்ல முடியாதபடி அண்ணன் நகர்கிற பஸ்ஸில் தாவி ஏறினான். கொழுந்தன் ஒரு காலில் செருப்பில்லாமல் திரும்பி வந்து வாசலில் குனிந்து நின்று மூச்சு வாங்கியது ஜன்னலிலிருந்து தெரிந்தது.

அவள் பிளாஸ்கைக் கொண்டுபோய் முதலாளியின் பக்கத்தில் வைத்துவிட்டு, ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

ஸ்பானரை மேஜை மேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். ஏட்டு எழுதிக்கொண்டே வந்து, பெயர் வந்த இடத்தில் பேனாவை நிறுத்தினார்.

"சொந்த அண்ணனா?"

"பேரை எழுதுங்க. சொந்தத்தை நான் பாத்துக்கிறேன்."

சாயங்காலம் மெக்கானிக்கை வெளியே விட்டார்கள். அவர் மனைவி ஓடிவந்து மூட்டையக்காவின் வலது கையைப் பிடித்து உலுக்கினாள். உயிர் போனது. அவள் காட்டிக்கொள்ளவில்லை.

"உங்களுக்கு நாங்க என்ன செய்யணும்க்கா?"

"ஒண்ணும் வேணாம்மா."

"யாரு கழட்டினது?" என்று கேட்டார் மெக்கானிக்.

"என் அண்ணன்."

மெக்கானிக் தன் விரல்களைப் பார்த்தார். கொழுந்தன் ஒற்றைச் செருப்போடு தள்ளி நின்றான்.

"நேத்து ராத்திரி சாப்பாடு கொண்டாந்தான்" என்றார் மெக்கானிக். "என் கையெல்லாம் கிரீஸா இருக்குன்னு, கம்பி வழியா அவனே ஊட்டிவிட்டான்."



"பிடிக்கிறதும் தண்டிக்கிறதும் போலீஸ் வேலை. அந்தம்மாவோட காலுக்கு யாரும் ஈடு குடுக்க முடியாது. ஆனா எனக்கு வரவேண்டியது ஒண்ணு இருக்குக்கா. அவன் என் பட்டறைக்கு வந்து, என் முகத்தைப் பாத்து, நான்தான் கழட்டினேன்னு சொல்லணும். அது எனக்குப் பாக்கி."

"ஆமா" என்றாள் மூட்டையக்கா. "அவன் வந்து சொல்ற வரைக்கும் அது எங்க வீட்டுக் கடன்."